பதினெட்டுக் கண் அருவி

டொராண்டோ பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு, ஊரிலிருந்து யார் வந்தாலும் செய்தே தீர வேண்டிய சீர் ஒன்று உண்டு. நயாகராவுக்குக் கூட்டிப்போவது. இரண்டு நாள் ஆபீஸ் வேலையாக வந்தவரானாலும் சரி, ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவரானாலும் சரி, முதல் சனிக்கிழமை ஃபால்ஸ்தான். நாங்கள் மிசிசாகாவுக்கு வந்து 9 வருடமாகிறது. இதுவரை 14 முறை போயிருக்கிறேன். அதில் எங்களுக்கென்று போனது 2 முறை. மிச்சம் 12-ம் டிரைவர் உத்தியோகம். எந்தப் பார்க்கிங்கில் விட்டால் காசு குறைவு, எங்கே நின்று போட்டோ எடுத்தால் பின்னால் வானவில் விழும், புளியோதரை டப்பாவை எந்தப் புல்தரையில் திறந்தால் சீகல் பறவைகள் கொத்த வராது, எல்லாம் அத்துப்படி.

ஏழாவது முறையோ எட்டாவது முறையோ போனபோதுதான் அந்த விஷயம் தெரிந்தது. வந்திருந்த நண்பன் குடும்பத்தைப் படகில் ஏற்றிவிட்டு, நான் மேலே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தண்ணீர் என்கிறார்களே, எத்தனை கன அடி என்று சும்மா தேடினேன். ஆற்றின் இயற்கையான ஓட்டம் சராசரியாக விநாடிக்கு 2 லட்சம் கன அடி. அருவியில் விழுவது அவ்வளவு இல்லை. கனடாவும் அமெரிக்காவும் 1950-ல் போட்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரை குறைந்தது 1 லட்சம் கன அடி விட வேண்டும். அதற்குப் பிறகு அக்டோபர் கடைசி வரை இரவு 8 மணியோடு சரி. மற்ற நேரங்களிலும், குளிர்காலம் முழுக்க ராப்பகலாகவும், 50,000 கன அடி விட்டால் போதும். மிச்சத் தண்ணீர் அருவிக்கு மேலேயே இரண்டு கரையிலும் சுரங்கத்துக்குள் திரும்பி மின்சாரம் எடுக்கப் போய்விடுகிறது.

அதாவது கோடைக்காலப் பகலில் நாம் வாய்பிளந்து பார்ப்பது பாதி நயாகரா. இரவிலும் பனிக்காலத்திலும் பார்ப்பது கால் நயாகரா. எட்டுக்குத் திறந்து பத்துக்கு மூடும் கடை.

படகிலிருந்து நனைந்து வந்த நண்பனிடம் வாய் சும்மா இருக்காமல் இதைச் சொல்லித் தொலைத்தேன். அவன் "அப்படியா!" என்று சிரித்துக்கொண்டான். அவன் மனைவி முகம்தான் விழுந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து இருபத்திரண்டு மணி நேரம் பயணம் செய்து, பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் அடிக்க, வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயத்தைப் பார்த்துவிட்டேன் என்று மேலே ஏறி வந்த பெண் அவர். அருவியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "கல்யாண வீட்டுக்குப் போய், பொண்ணு கழுத்துல இருக்கறது கவரிங்னு சொல்லிட்டு வந்த மாதிரி இருக்கு. சொல்லலைன்னா தலை வெடிச்சிடுமா உங்களுக்கு?"

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் சங்கடமாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் "இயற்கையோட சக்தியைப் பாருங்க சார்" என்பார். நான் "ஆமாங்க" என்பேன். உள்ளுக்குள் ஒரு குரல் 'பாதி' என்று திருத்தும். ஏமாற்றுக்குத் துணைபோகிறேனா, இல்லை, தேவையில்லாமல் மற்றவர் சந்தோஷத்தில் மண் போடத் துடிக்கிறேனா? மூன்று வருடமாக இது தீரவில்லை.

மேட்டூர்க்காரர் வந்தார்

போன வருடம் ஜூன் மாதம் மாமனாரும் அத்தையும் வந்தார்கள். மாமா பொதுப்பணித்துறையில் வொர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் பெரும்பகுதி மேட்டூர் அணையில். தினமும் காலையில் பேப்பர் வந்ததும் மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற மாதிரி அணை நீர்மட்டம் பார்ப்பார். வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, இருப்பு எத்தனை டி.எம்.சி. எங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க ஊர்ப் பக்கம் ஏரி எல்லாம் ரொம்பிடுச்சுங்களா?" என்பதுதான். அப்பேர்ப்பட்டவரை நயாகராவுக்குக் கூட்டிப்போக வேண்டும். போகும் வழியெல்லாம் கண்ணாடியில் மனைவி என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

அன்றைக்கு மதியம் எல்லோரும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்கள். குதிரை லாடம் மாதிரி வளைந்து விழும் பெரிய அருவி கனடாப் பக்கம். உயரம் 57 மீட்டர். எதிர்க்கரையில் நேராக விழுவது அமெரிக்கன் அருவி. இரண்டுக்கும் நடுவில் கோட் தீவு. ஆற்றுத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குதான் அமெரிக்கன் அருவிக்குப் போகிறது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கம்பியில் சாய்ந்துகொண்டு, விழுகிற தண்ணீரைப் பார்க்காமல் வருகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

சின்னவள் வாணவேடிக்கை பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்ததால் இரவு அங்கேயே ஓட்டலில் தங்கினோம். பத்து மணிக்கு வாணவேடிக்கை. அருவி மேல் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்கு. கரை முழுக்கக் கூட்டம், எல்லோர் கையிலும் போன். நான் மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 10.05. 10.20. மேலே எங்கேயோ தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்கூட, தெரிந்து பார்த்தும், வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் கடுப்பாக இருந்தது. விளக்கைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து... துணிக்கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் புடவை காட்டுகிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். மாமா கொட்டாவி விட்டார். தூங்கப் போனோம்.

கல்லைக் காணோம்

அவர் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். அந்நிய ஊரில் தனியாக அனுப்ப முடியாது என்று நானும் கூடவே கிளம்பினேன். அருவிக்குக் கொஞ்சம் மேலே, ஆறு பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் இடம். அங்கே ஆற்றின் நடுவில் ஒரு பழைய இரும்புத் தோணி சிக்கிக் கிடக்கும். 1918 ஆகஸ்டில் இழுவைப் படகிலிருந்து கயிறு அறுந்து, இரண்டு ஆட்களோடு அருவியை நோக்கிப் போனது அது. பாறையில் தட்டி நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்தவர்களை மறுநாள்தான் கரை சேர்த்தார்கள். நூறு வருடம் அசையாமல் இருந்த தோணி, 2019 அக்டோபர் 31 அன்று அடித்த புயலில் புரண்டு கொஞ்சம் கீழே நகர்ந்தது. மாமாவிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றேன். இதைச் சொல்லத் தடை ஏதும் இல்லையே. ஆறு மணி இருக்கும். கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டைக் கல். அதன் மேல் ஒரு சீகல் உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. மாமா அந்தக் கல்லையே பார்த்தார். கல்லின் பக்கவாட்டில் ஈரம் காயாத கறுப்புப் பட்டை ஒன்று தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

திரும்பி வந்து குளித்து, எல்லோரையும் எழுப்பி, இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வரும்போது ஒன்பதேகால். மாமா நேராகக் கரைக்குப் போனார். போனவர் அசையவில்லை.

"மாப்ள, அந்தக் கல்லைக் காணோம்."

"எந்தக் கல்லு மாமா?"

"காலைல பறவை உக்காந்திருந்துச்சே. அது முழுகிடுச்சு." சுற்றும் முற்றும் பார்த்தார். "ராத்திரி மழை இல்ல. காத்தும் அடிக்கல. மேல இருக்கறது ஏரிங்கறீங்க. ஏரித் தண்ணி மூணு மணி நேரத்துல இந்த அளவுக்கு ஏறாதுங்க." கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, "மதகைத் திறந்திருக்கான்" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தம், எட்டு மணி, பத்து மணி, லட்சம், ஐம்பதாயிரம். சொல்லி முடித்துவிட்டு, அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் முகம் விழுந்தது போல இவர் முகமும் விழும் என்று காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த மூன்று வாரத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. குளிரிலும், பேசப் பழக ஆளில்லாத தெருவிலும் சுருங்கிப் போயிருந்த மனிதர்.

"ரெகுலேட்டர் எங்க இருக்கு? கிட்டப் போக முடியுங்களா?"

கிட்டப் போக முடியாது, ஆனால் கரையோரச் சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். படகுப் பயணத்துக்கு வைத்திருந்த நேரத்தை அதற்குக் கொடுத்தோம். அத்தையும் சின்னவளும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டார்கள். கனடாக் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீண்டு, அக்கரை வரை போகாமல் நடுவழியிலேயே நின்றுவிடும் ஒரு கட்டுமானம். நானும் அதற்கு முன் அந்தப் பக்கம் காரை நிறுத்தியதே இல்லை. மாமா விரல்விட்டு எண்ணினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினார்.

"பதினெட்டு."

மேட்டூரில் உபரித் தண்ணீர் போகும் மதகை ஊரில் பதினாறு கண் மதகு என்பார்கள். மாமாவின் முகத்தில் லேசான பொறாமை தெரிந்ததாக என் மனைவி பிறகு சொன்னாள். 1950-களில் 13 கண் வைத்துக் கட்டி, 1963-ல் இன்னும் 5 சேர்த்தார்கள் என்று போனில் பார்த்துச் சொன்னேன். "அப்ப ஆரம்பத்துல நம்மளை விடக் கம்மிதான்" என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்.

பாதி போனால் பாதி தெரியாது

அங்கேயே புல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. ராத்திரி பாதித் தண்ணீர் குறைந்தும் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி. மாமா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார். கலிங்கின் மேல், அதாவது ஏரி நிரம்பினால் உபரி போகும் சுவரின் மேல், வழியும் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. அளவு பாதியானால் வழிகிற தண்ணீரின் கனம் பாதியாகிவிடாது, நூற்றுக்கு 63 பங்கு அப்படியே நிற்கும். ஒரு மீட்டர் கனத்தில் வழிந்தால், பாதியாகக் குறைத்த பின்னும் 63 சென்டிமீட்டர் வழியும். கண் பார்ப்பது அளவை இல்லை, திரையை. திரை கிழியாத வரைக்கும் அருவி அருவிதான். "ஓரத்துலதான் முதல்ல கிழியும். அதை என்ன பண்ணான்?" என்று கேட்டார்.

அதையும் பண்ணியிருக்கிறார்கள். இதைத் தேடிப் படித்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. ஒப்பந்தம் போட்ட கையோடு 1950-களில் லாட அருவியின் இரண்டு ஓரங்களிலும் பாறையை வெட்டி ஆழப்படுத்தி, தண்ணீர் ஓரம் வரைக்கும் பரவும்படி செய்தார்கள். இரண்டு முனைகளிலும் கொஞ்சம் இடத்தை நிரப்பிக் கரை கட்டிவிட்டார்கள். இன்றைக்கு நாம் நின்று செல்ஃபி எடுக்கிற இடங்களில் சில, ஒரு காலத்தில் அருவியின் விளிம்பாக இருந்தவை. கால் பங்கு தண்ணீரிலும் திரை கிழியாமல் இருக்க, அருவிக்கே அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள்.

மாமாவுக்கு அடுத்த சந்தேகம். "கரண்டு எடுக்கறதுன்னா அருவியோட அடியிலேயே மெஷினை வச்சிருக்கலாமே, எதுக்கு இத்தனை தூரம் சுரங்கம்?" முதலில் அப்படித்தான் வைத்தார்கள். 1896 நவம்பரில் இங்கிருந்து பஃபலோ நகரத்துக்கு மாறுமின்சாரம் போனது உலகப் புகழ்பெற்ற சங்கதி. அந்தக் காலத்து நிலையங்கள் அருவியின் 50 சொச்சம் மீட்டர் இறக்கத்தைத்தான் பயன்படுத்தின. ஆனால் ஆறு அருவியோடு நிற்பதில்லை, பள்ளத்தாக்கில் இன்னும் இறங்கிக்கொண்டே போகிறது. தண்ணீரை அருவிக்கு மேலேயே பிடித்து, 10 கிலோமீட்டர் கீழே குயின்ஸ்டன் வரை கொண்டுபோய் விட்டால் 90 மீட்டர் இறக்கம் கிடைக்கும். அதே தண்ணீர், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு மின்சாரம். கனடாப் பக்கம் சர் ஆடம் பெக் நிலையங்கள், எதிரே அமெரிக்கப் பக்கம் 1961-ல் திறந்த ராபர்ட் மோசஸ் நிலையம். இரண்டும் சேர்ந்து 4,000 மெகாவாட்டுக்கு மேல். கனடாக்காரர்கள் ஊருக்கு அடியில் குடைந்த இன்னொரு சுரங்கத்தில் 2013-ல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. குடைந்த எந்திரத்தின் விட்டம் மட்டும் 14.4 மீட்டர். ராத்திரி அதிகமாக எடுக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை மேட்டில் இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றிவைத்து, மறுநாள் மின்சாரத் தேவை கூடும் நேரத்தில் இறக்குகிறார்கள். "அப்படின்னா ராத்திரித் தண்ணி வீணா போகல" என்று மாமா திருப்தியானார்.

பழைய நிலையம் ஒன்றை 2021-ல் இருந்து மக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 1905-ல் ஓடத் தொடங்கியது, ஒரே வரிசையில் 11 ஜெனரேட்டர்கள். லிஃப்டில் பூமிக்கு அடியில் இறங்கி, ஒரு காலத்தில் தண்ணீர் வெளியேறிய 670 மீட்டர் சுரங்கத்தில் நடந்து போனால், ஆற்று மட்டத்தில் அருவிக்குப் பக்கவாட்டில் வெளியே வரலாம். மற்றவர்கள் வெளியே ஓடிப்போய் அருவியைப் பார்த்தார்கள். மாமா சுரங்கத்துச் செங்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கடைசி ஆளாக வந்தார். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டிக்கெட் விலைக்குத் தகும், போகலாம்.

பார்க்கிறதுக்குன்னு ஒரு பங்கு

மாமாவை உலுக்கியது வேறு. வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒப்பந்தத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டார். நதிநீர்ப் பங்கீடு என்றால் அவர் காதில் விழுவது ஒரே சண்டைதான், யார் சார்பில் என்று சொல்லத் தேவையில்லை. நான் சொன்னேன்: குடிக்க, கப்பல் விட எடுப்பது தவிர்த்து, முதல் பங்கு அருவிக்கு. அருவியின் அழகைக் காப்பதற்கு என்றே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அது போக மிச்சத்தைத்தான் இரண்டு நாடும் மின்சாரத்துக்குச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

"அழகுக்கா?"

"ஆமா மாமா."

"பாசனத்துக்கு இல்ல. பார்க்கறதுக்கு. பார்க்கறதுக்குன்னு ஒரு லட்சம் கன அடி. ரெண்டு கவர்மெண்ட்டும் கையெழுத்துப் போட்டு."

காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் சும்மா இருக்காமல், "நம்ம ஊர்ல இதெல்லாம் கனவுலயும் நடக்காது மாமா" என்றேன். வெளிநாட்டில் குடியிருப்பவனுக்கு எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும் வாக்கியம் அது. மாமா உடனே திரும்பினார். "ஏன் நடக்காது? ஆடிப்பெருக்குக்கு விட்டிருக்கோமே. தண்ணி கம்மியா இருந்த வருசத்துலகூட, சனங்க ஆத்துல இறங்கிக் கும்பிடணும்னு திறந்து விட்டதுண்டு. அது என்ன, நாத்துக்கா விட்டோம்?" நான் வாயை மூடிக்கொண்டேன். காவிரியில் ஒரு நாள் மங்கலத்துக்கு விடுகிற தண்ணீரும் நயாகராவில் தினமும் பத்து மணி வரை விடுகிற தண்ணீரும் ஒன்றா என்று வாதம் பண்ணியிருக்கலாம். தோன்றவில்லை.

அந்த இடத்தில்தான் என்னுடைய மூன்று வருடக் குடைச்சல் வேறு பக்கம் திரும்பியது. நான் அதுவரை இந்த விஷயத்தை இயற்கை, செயற்கை என்றே பார்த்துவந்தேன். முழுசாக விழுந்தால் அசல், பாதியாக விழுந்தால் போலி. ஆனால் அந்த எண்ணை மாற்றிப் போட்டுப் பார்த்தால்? ஆற்றின் மொத்தத் தண்ணீரையும் சுரங்கத்தில் திருப்பிவிடும் ஆசை இருந்திருக்காதா? எத்தனை அருவிகளை அப்படித் திருப்பிவிட்டிருக்கிறோம். காவிரியிலேயே சிவசமுத்திரத்தில் 1902-ல் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். மழைக்காலம் தவிர மற்ற நாளில் போனால் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே இரண்டு நாடுகள் உட்கார்ந்து, எவ்வளவு விழுந்தால் ஒரு மனிதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயடைத்து நிற்பான் என்று பேரம் பேசி, ஒரு எண்ணுக்கு வந்திருக்கிறார்கள். வியப்புக்கு விலை வைப்பது அருவருப்பான வேலையா, அபூர்வமான வேலையா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. ஏமாற்று என்று மட்டும் இனி சொல்ல மாட்டேன். ஏமாற்று என்றால் மறைத்திருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தது. நான்தான் ஏழு தடவை போயும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அருவியைக் குறைத்ததால் அருவிக்கே ஆயுள் கூடியிருக்கிறது. மேலே கெட்டிப் பாறை, அடியில் மெத்தென்ற களிப்பாறை. அடிப்பாறை அரித்துப் போனதும் மேல்பாறை ஒடிந்து விழும், அருவி ஒரு அடி பின்வாங்கும். 12,000 வருடத்துக்கு முன் குயின்ஸ்டன் பக்கம் பிறந்த அருவி, இப்படியே ஒடிந்து ஒடிந்து 11 கிலோமீட்டர் மேலே ஏறி வந்திருக்கிறது. முன்பு வருடத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் ஒடிந்துகொண்டிருந்தது. தண்ணீரைப் பிரித்த பிறகு ஒரு அடி அளவுக்குக் குறைந்துவிட்டது.

அமெரிக்கன் அருவியின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே 1931-லும் 1954-லும் பெரும் பாறைகள் சரிந்து அருவியின் காலடியில் குவிந்துவிட்டன. தண்ணீர் பாதி உயரம் விழுவதற்குள் கற்குவியலில் மோதிவிடும். பார்க்க லட்சணமாக இல்லை, கல்லை அள்ளிவிடலாமா என்று யோசனை வந்தது. 1969 ஜூன் மாதம் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் மேலே மண் அணை போட்டு அந்த அருவியை நிறுத்தியே விட்டார்கள். நவம்பர் வரைக்கும் வெறும் பாறை. ஆற்றின் அடியில் ஜனங்கள் வேண்டிக்கொண்டு வீசிய காசுகள் கிடந்தன. இல்லாத அருவியைப் பார்க்கவும் கூட்டம் வந்ததுதான் வேடிக்கை. அளந்து, துளையிட்டு, ஆணி அடித்துப் பார்த்துவிட்டு, சில வருட யோசனைக்குப் பின் கடைசியில் எடுத்த முடிவு: கல் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். நயாகராவில் மனிதன் எடுத்த முடிவுகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அருவியை நிறுத்துவது மனிதன் மட்டும் செய்த வேலையும் இல்லை. 1848 மார்ச் கடைசியில் ஈரி ஏரியிலிருந்து வந்த பனிக்கட்டிகள் ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டதில், நயாகரா ஒரு நாளுக்கும் மேல் நின்றுபோனது. ஆற்றின் அடியில் மக்கள் நடந்தார்கள்.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாகவும் இல்லை. அமெரிக்கப் பக்கத்து நிலையத்துக்கு நீர்த்தேக்கம் கட்ட டஸ்கரோரா பழங்குடியினரின் நிலத்தை எடுத்தார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1960-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சுமார் 550 ஏக்கர் தண்ணீருக்கு அடியில் போனது. அருவியின் அழகுக்கு ஒரு பங்கு எழுதி வைத்தவர்கள் இவர்களுக்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. மேட்டூரில் தண்ணீர் ரொம்பவும் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலை வெளியே தெரியும், மாதா கோயில் கோபுரமும் தெரியும். மூழ்கிப்போன ஊர்கள் அவை. "தண்ணி வத்தினாத்தான் நந்தி தெரியும், நந்தி தெரிஞ்சா எங்களுக்கு வேலை கஷ்டம்" என்று எப்போதோ ஒரு முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும் நேரத்தில் ஹாலில் இருந்து கூப்பிட்டார். "மாப்ள, மணி பத்தாச்சுங்களா?" பத்து அடித்து ஐந்து நிமிடம் என்றேன். "மழையோ பனியோ, கல்யாணமோ கருமாதியோ, ஒருத்தன் டூட்டியில உக்காந்திருப்பான் பாருங்க. இத்தனை வருசமா. எட்டுன்னா எட்டு, பத்துன்னா பத்து." போர்வையை இழுத்துக்கொண்டார். நான் அருவியைப் பற்றி நினைத்த நேரத்தில் எல்லாம் ஒப்பந்தத்தை நினைத்திருக்கிறேன், எந்திரத்தை நினைத்திருக்கிறேன். அங்கே ஷிஃப்டுக்கு வரும் ஒரு ஆளை ஒருநாளும் நினைத்ததில்லை.

செப்டம்பரில் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். நவம்பர் 1-ம் தேதி காலையில் மாமாவிடமிருந்து வாட்ஸாப்பில் குரல்பதிவு வந்திருந்தது. முதலில் மேட்டூர் நீர்மட்டம், வரத்து, திறப்பு. பிறகு, "இன்னைல இருந்து அங்க பகல்லயும் அம்பதுதானுங்களே. யாராச்சும் வந்தா ஏப்ரலுக்கு மேல வரச் சொல்லுங்க."

ஆனால் அந்தச் சனிக்கிழமையே ஒருவரைக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மனைவியின் அலுவலகத்தோழியின் அம்மா. சேலம்காரர், முதல் வெளிநாட்டுப் பயணம். காற்று கத்தியாக வீசியது, கூட்டமே இல்லை. அந்த அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையும் போர்த்திக்கொண்டு கம்பி பக்கம் போனார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் என்னிடம் திரும்பி, "எவ்வளவு தண்ணிங்க தம்பி!" என்றார்.

"அம்பதாயிரம் கன அடிங்க அம்மா" என்றேன்.

அவர் "யப்பா!" என்று மறுபடி அருவி பக்கம் திரும்பிக்கொண்டார்.